திருட்டு மூச்சு

போத்தனூர் ஜங்ஷனில் ஷன்டிங் முடியும்வரை
எங்களுக்குத் தொண்டை திறக்காது.
கையைத் தூக்கியபடியே நிற்பாள் ஷைனி கிறிஸ்டபெல்.
இருபத்தாறு வயது, சுந்தராபுரம் பேங்கில் கேஷியர்,
கட்டுநோட்டு எண்ணுகிற விரல்களால்
எங்கள் சுருதியையும் எண்ணி வாங்குகிறவள்.
கடைசி வேகன் போன பிறகும்
கல்தூண்களில் நடுக்கம் கொஞ்சம் மீதியிருக்கும்.
அதிலேர்ந்து எடுங்க பாஸ், என்பாள்.

ரயில்வே துரைகள் கட்டிய கோயில்.
காலரா கொண்டுபோன எஞ்சினியர் ஒருவரின்
பித்தளைப் பலகைக்குக் கீழே எங்கள் வரிசை.
வரிசை என்றால் இரண்டே பேர்.
நான் பீளமேட்டில் பம்ப் வார்க்கிறவன்.
ஞானாபரணம், மில்லை மூடுகிறவரை ஸ்பின்னிங்கில்.
என் நெஞ்சில் மணல், அவன் நெஞ்சில் பஞ்சு.
எந்த டாக்டரும் சொன்னதில்லை,
பாடும்போது தெரியும்.

நாங்கள் பேசி மூன்று வருஷம்.
சேகரக் கமிட்டி எலெக்‌ஷன், பதினொரு ஓட்டு.
கல்லறைத் தோட்டத்துச் சுவர்க் கணக்கில்
எல்லார் முன்னாலும் அவன் என்னைக் கேட்ட கேள்வி
ஏனுங்க என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தது.
மீதியை இங்கே எழுத மாட்டேன்.
ராப்போஜனத்துக்கு அவன் இந்த ஓரம் வந்தால்
நான் அந்த ஓரம் போய் முழங்காலிடுவேன்.

ஆனால் பாஸுக்கு வேறு ஆளில்லை.

இந்த லெந்தில் ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது.
கோட்டயத்து ஆள் வர ஈஸ்டர் தாண்டும்.
வெறும் குரல்தான், என்றாள் ஷைனி.
இருபத்திரண்டாம் சங்கீதம்,
ஒரே சுரத்தின்மேல் வண்டி வண்டியாகச் சொற்கள்.
அடியில நீங்க அறுபடக் கூடாது.
ஒருத்தர் மூச்செடுக்கிற இடத்துல இன்னொருத்தர் எடுக்காதீங்க.
முற்றுப்புள்ளியில வேண்டாம், அங்க எல்லாருமே எடுப்பாங்க.
சொல்லுக்கு நடுவுல, காதுக்குத் தெரியாம,
திருட்டு மூச்சு.
யாரு எங்கன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கோங்க.

பேசி.

அவன் பென்சிலால் தன் தாளில் கோடு போட்டான்.
தாளை என் பக்கம் ஒரு விரற்கடை சாய்த்தான்.
அவன் கோடுகளைப் பார்த்துப் பார்த்து
இடையிடையே என் தாளில் நான் போட்டேன்.
இரண்டையும் சேர்த்து வைத்தால்
காட்டுக்கு வேலிக்கல் நட்டது மாதிரி இருந்திருக்கும்.

பெரிய வியாழன் இரவு.
பீடத்தின் துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார் ஆயர்.
மெழுகுவர்த்தி போகிறது, சிலுவை போகிறது, வெறும் பலகை.
கணவாய்க் காற்று திறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது,
அங்கிக்குள் வேர்வை ஓடுகிறது.
அவன் கோடு வந்தது. எடுத்தான்.
இருமல் பிடித்துக்கொண்டது.

என் கோடு வந்தது, கடந்து போனது.
உருக்கிய இரும்பை ஊற்றுகிறவன் பாதியில் நிற்கக் கூடாது;
நின்றால் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விழும்.
மேலே பெயின்ட் அடித்து விற்றுவிடலாம்.
எங்கோ ஒரு கிணற்றடியில், நல்ல கோடையில், அது பிளக்கும்.
நான் நிற்கவில்லை.
ஆல்டோக்களின் வெள்ளைக் காலர்கள் ஓரத்திலிருந்து அணைந்தன.
எஞ்சினியரின் பெயர் அழிந்தது.
அப்போது எனக்கு அடியில்
பஞ்சு ஒட்டிய அந்தக் குரல் வந்து தோள் கொடுத்தது.

எடுத்தேன்.
அணைத்த திரியின் புகை, பழைய அங்கியின் நாப்தலின்,
அவன் நெஞ்சில் தேய்த்திருந்த தைலம்,
எல்லாம் சேர்ந்து உள்ளே போயின.

வெளியே அவன் ஸ்கூட்டர் நாலு உதைக்குக் கிளம்பவில்லை.
நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.
ஐந்தாவது உதைக்குக் கிளம்பியது. போனான்.

வெள்ளி மதியம், மறுபடியும் அதே சங்கீதம்.
அவன் தாள் என் பக்கம் சாய்ந்திருந்தது.
ஒரு கோட்டை ரப்பரால் அழித்து
ஒரு சொல் முன்னால் தள்ளிப் போட்டிருந்தான்.
பென்சில் எடுத்து என் தாளிலும் ஒன்றை நகர்த்தினேன்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.
ஷைனியின் கை மேலேயே நின்றது.